மலையுச்சியில் காவிரி அம்மன்: பேரனோடு நான்கு ஞாயிறுகள்

ஐப்பசி பிறந்தால் காவிரிக் கரை முழுவதும் துலா ஸ்நானத்தின் ஆரவாரம். மயிலாடுதுறைத் துலாக் கட்டத்திலும் திருவரங்கம் அம்மா மண்டபத்திலும் விடியலுக்கு முன்பே அன்பர்கள் நீராடத் தொடங்கிவிடுவர். கங்கை முதலிய புண்ணிய நதிகள் எல்லாம் இம்மாதத்தில் காவிரியில் வந்து கலந்து தம் பாவச் சுமையை இறக்கிவைக்கின்றன என்பது ஐதிகம். அந்தக் காவிரித் தாய், ஆற்றங்கரையில் அல்லாமல், கடல் மட்டத்திலிருந்து 5,326 அடி உயரத்தில், மலையுச்சிக் குகையொன்றில் சேர்வராயப் பெருமானோடு எழுந்தருளியிருக்கிறாள். சேலம் மாவட்டத்துக்கு வெளியே இச்செய்தியை அறிந்தவர் குறைவு.

சென்ற ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மனைவி, மகன், மருமகள், இரண்டேகால் வயதுப் பேரன் ஆகியோருடன் சேர்வராயன் மலைக்குச் சென்று வரும் பேறு கிடைத்தது. வங்கிப் பணியில் இருந்த காலத்தில் மூன்று ஆண்டுகள் ஏற்காட்டுக் கிளையில் இருந்தவன் என்பதால் அம்மலை எனக்குப் புதிதன்று. ஆனால் ஒரு சிறு குழந்தையின் நடைக்கு ஈடுகொடுத்து ஒரு மலையைப் பார்ப்பது முற்றிலும் வேறு அனுபவம்.

இந்தப் பயணங்களுக்கு ஒரு காரணமும் இருந்தது. பேரன் ஓடுவான், சிரிப்பான், சொன்னதைப் புரிந்துகொள்வான். ஆனால் பேச்சு வரவில்லை. 'மா' என்ற ஓர் ஒலியைத் தவிர வேறு சொல் இல்லை. அவன் வயதுப் பிள்ளைகள் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசும்போது, மருமகளின் முகம் வாடுவதைக் காணச் சகிக்கவில்லை. சேலத்தில் குழந்தைநல மருத்துவரிடம் காட்டினோம். செவித்திறனைச் சோதித்து, குறை ஏதுமில்லை என்றார். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருநாள் ஏற்பாடு செய்தார். அதோடு, "கைப்பேசித் திரையை அடியோடு விலக்குங்கள். வெளியே அழைத்துச் செல்லுங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பார்த்து, அதன் பெயரைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துங்கள், அவன் பதில் சொல்லக் காத்திருங்கள்" என்றார். உலக சுகாதார நிறுவனமும் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்றும் கூறியிருக்கிறது. அந்த வயதில் நாள்தோறும் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பதும் அதில் உண்டு.

"அப்படியானால் சேர்வராயனைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றாள் என் மனைவி.

கூதிர் காலத்துக் குறிஞ்சி

ஏரியும் காடும் சேர்ந்ததால் 'ஏற்காடு' என்பர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேர்வராயன் மலையில், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்த ஊர். சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்றனர். குறிஞ்சி நிலத்துக்குரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. மலையை அதற்குரிய பருவத்தில் காண வேண்டுமென்றால், கோடை விழாக் கூட்டம் எல்லாம் ஓய்ந்து, மழை பெய்து விட்ட இடைவெளியில் செல்ல வேண்டும் என்பதே என் எண்ணம். பாறை இடுக்குகளிலெல்லாம் நீர் கசியும். காலையில் ஏரியின்மேல் மூடுபனி படுத்திருக்கும். பத்து மணிக்கு மேல் மெல்ல எழுந்து போகும்.

இம்மலை பல ஆறுகளுக்குத் தாய்வீடு. சேலம் நகரின் ஊடே செல்லும் திருமணிமுத்தாறும், சரபங்க முனிவரின் பெயர் தாங்கிய சரபங்கா நதியும் இங்கே தோன்றிக் காவிரியில் சேர்கின்றன. வடபுறம் இறங்கும் வாணியாறு தென்பெண்ணையை நோக்கிச் செல்கிறது. மலையுச்சியில் காவிரி அம்மன் கோயில்கொண்டிருப்பதன் பொருத்தம் இப்போது விளங்கும். சேர்வராயனை இம்மலையாகவும், அம்மனைக் காவிரியாகவும் கொண்டு வணங்குவது இங்குள்ள மரபு.

கிளிவனத்தில் தொடக்கம்

முதல் ஞாயிறு, மலையேறும் முன் சேலம் அருள்மிகு சுகவனேசுவரர் திருக்கோயிலில் வழிபட்டோம். சுகம் என்றால் கிளி. பிரம்மதேவரின் சாபத்தால் கிளியுருப் பெற்ற சுக முனிவர், இவ்வனத்தில் கிளிகளோடு வாழ்ந்து சிவலிங்கத்தைப் பூஜித்தார் என்பது தலவரலாறு. வேடன் ஒருவன் கிளிகளைத் துரத்திவந்து கோடரியை ஓங்கியபோது, கிளியரசன் தன் சிறகால் லிங்கத்தை மூடிக் காத்து உயிர்விட்டதாகவும், அந்த வெட்டின் தழும்பு இறைவன் திருமுடியில் இன்றும் இருப்பதாகவும் கூறுவர். அம்பாள் சுவர்ணாம்பிகை. இங்குள்ள முருகப் பெருமானை அருணகிரிநாதர் திருப்புகழில் பாடியுள்ளார்.

பேசத் தெரிந்த பறவையின் பெயரால் வழங்கும் ஈசனிடம், பேசத் தொடங்காத குழந்தையைக் கொண்டு நிறுத்தினோம். மருமகள் வெகுநேரம் கண்மூடி நின்றாள். பேரனோ தூணுக்குத் தூண் ஓடினான். அவன் எந்தச் சிற்பத்தின்முன் நின்றானோ அதன் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினோம். யானை. சிங்கம். கிளி. அவன் எங்கள் வாயையே பார்த்தான், ஒலி எழவில்லை. குழந்தையோடு கோயிலுக்குச் சென்றால் பிராகாரத்தை அவன் நடையில் சுற்றவிட வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டோம். மூலவர் தரிசனத்துக்குப் பத்து நிமிடம் போதுமானதாயிருந்தது. பிராகாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

இருபது வளைவுகள்

அடிவாரம் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. மேலே செல்வதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. முப்பத்தாறு ஆண்டுகள் எண்ணிக்கையையே தொழிலாகக் கொண்டவன் நான். அப்பலகைகளைக் கண்டதும் உரக்க எண்ணத் தொடங்கினேன். "ஒன்று" என்று நான் சொல்ல, மகனும் மருமகளும் மனைவியும் "ஒன்று" என்று திருப்பிச் சொல்வர். அடுத்த வளைவு வரும்வரை அமைதி. இப்படி இருபது. இறங்கும்போது இருபதிலிருந்து ஒன்று வரை. பேரனுக்கு இவ்விளையாட்டு மிகவும் பிடித்துவிட்டது. வண்டி திரும்பத் தொடங்கியதுமே எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்ப்பான்.

முதல் நாள் ஏரிக்கரையோடும் அண்ணா பூங்காவோடும் நிறுத்திக்கொண்டோம். படகில் ஏறவில்லை; கரையில் அமர்ந்து வாத்துகளைப் பார்த்தோம். கிள்ளியூர் நீர்வீழ்ச்சியில் மழைக்குப் பின் நீர் நிறைந்து கொட்டும் பருவம் அது. ஏரியின் உபரிநீர்தான் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. எனினும் அதற்குச் செங்குத்தான, வழுக்கும் படிகளில் வெகுதூரம் இறங்கி ஏற வேண்டும். இளைஞர்களுக்கு ஏற்றது; இடுப்பில் குழந்தையோடு செல்வோருக்கு ஏற்றதன்று.

காப்பித் தோட்டமும் குடுவைச் செடியும்

இரண்டாம் ஞாயிறு, ஊரைச் சுற்றிச் செல்லும் 32 கிலோமீட்டர் வட்டப் பாதையில் நிதானமாகச் சென்றோம். இருபுறமும் காப்பித் தோட்டங்கள். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். நான் கிளையில் இருந்தபோது பயிர்க் கடன் கேட்டு வரும் தோட்டக்காரர்கள் அனைவரும் முதலில் பேசுவது மழையைப் பற்றித்தான். மாசி, பங்குனியில் ஒரு மழை பெய்தால் செடி பூக்கும். பின்னும் ஒரு மழை பெய்தால் காய் பிடிக்கும். அந்த இரண்டு மழைகளை நம்பித்தான் ஓராண்டுக் கணக்கும். ஐப்பசி கடைசியில் பச்சைக் காய்களிடையே ஒன்றிரண்டு சிவக்கத் தொடங்கியிருந்தன. அவ்வாறு சிவந்த ஒன்றைத் தோட்டக்காரரின் அனுமதியோடு பறித்துப் பேரன் உள்ளங்கையில் வைத்தாள் அவன் பாட்டி. வீடு வந்து சேரும்வரை அவன் அந்தக் கையைத் திறக்கவில்லை.

இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் ஆர்க்கிட் பூங்காவையும் அன்று பார்த்தோம். 1963-இல் தொடங்கப்பட்ட தோட்டம் அது. பூச்சிகளைப் பிடித்து உண்ணும் குடுவைச் செடி, காசி மலையிலிருந்து வந்தது, இங்கே வளர்கிறது. மேகாலயத்தில் உள்ள காசி மலை அது. விசுவநாதர் உறையும் காசியன்று. இம்மலையின் பெயரையே தன் தாவரவியல் பெயரில் கொண்ட 'வெர்னோனியா சேர்வராயென்சிஸ்' என்னும் அரிய மரமும் இங்கு உண்டு. குடுவையின் மூடியைக் கண்ட பேரன் தன் தண்ணீர்க் குப்பியைக் காட்டி, இரண்டும் ஒன்று என்று சைகையால் சொன்னான். சொல் வராவிட்டாலும் எண்ணம் ஓடுகிறது என்று மகன் முகம் மலர்ந்தான். மருமகள் மட்டும், "சொல்லும் வந்துவிட்டால் தேவலை, மாமா" என்றாள்.

சேர்வராயன் சந்நிதி

மூன்றாம் ஞாயிறு சேர்வராயன் கோயிலுக்கென்றே ஒதுக்கினோம். அன்று மலைப்பாதையில் மழை தூறிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் "ஒன்று" என்றேன். நால்வரும் சொன்னோம். "இரண்டு." சொன்னோம். மூன்றாவது வளைவில் எதிரே ஒரு பேருந்து வந்ததால் மகன் வண்டியை ஒதுக்கி நிறுத்தினான். எல்லோர் கவனமும் பேருந்தில் சென்றது; எண்ண மறந்து அமர்ந்திருந்தோம். பின்னிருக்கையிலிருந்து, "மூ" என்று ஒரு குரல்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று அச்சம். மகன் மெதுவாக வண்டியை எடுத்தான். நான்காம் வளைவில் ஒருவரும் வாய் திறக்காமல் காத்திருந்தோம். "நா" என்றான். ஐந்தாவதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியே ஒரு குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாவதற்கு மீண்டும் ஓர் ஒலி. மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏழு" என்று அவனோடு சேர்ந்து சொன்னாள்.

கோயில் மலையின் தலைப்பகுதியில், பரந்த மேட்டு நிலத்தில் உள்ளது. செம்மண் பூமி. இம்மண்ணின் அடியில் பாக்சைட் தாது உண்டு; ஒரு காலத்தில் வெட்டி எடுக்கப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. சுரங்கம் குடைந்த மலையிலேயே, இயற்கை குடைந்த குகையில் இறைவன் இருக்கிறார். வானளாவிய கோபுரம் இல்லை. தாழ்ந்த நுழைவாயில், குனிந்துதான் உள்ளே செல்ல வேண்டும். பெரியவர்கள் எல்லோரும் தலை வணங்கிச் செல்லும் அவ்விடத்தில் நிமிர்ந்து நடந்து சென்றவன் பேரன் ஒருவனே. உள்ளே குறுகலும் இருளும் குளிர்ச்சியும். தீப ஒளியில் சேர்வராயனும் காவிரி அம்மனும் தெரிந்தனர்.

மலைவாழ் மக்களான மலையாளிகளின் குலதெய்வக் கோயில் இது. பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்வோர் என்ற பொருளில் அமைந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவரின் வழியினர் தாங்கள் என்றும், அவர்கள் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை எனப் பிரிந்து குடியேறினர் என்றும் இவர்களிடையே வாய்மொழி மரபு வழங்கிவருகிறது. ஆண்டுதோறும் மே மாதம் நடைபெறும் திருவிழாவுக்குச் சுற்றியுள்ள மலைக் கிராமங்கள் அனைத்தும் திரண்டு வரும். நாங்கள் சென்ற நாளில் பத்துப் பேருக்கு மேல் இல்லை.

இருளைக் கண்டு பேரன் அழுவான் என்று அஞ்சினோம். அவன் தாயின் தோளைப் பற்றிக்கொண்டு தீபத்தையே பார்த்தான். பூசாரி ஐயா கற்பூரத் தட்டை அவன் பக்கம் நீட்டி, "சாமி பாரு, தம்பி" என்றார். அவன் கைகூப்பினான், பேசவில்லை. எங்களில் எவரும் அவனைப் பேசச் சொல்லவும் இல்லை. துலா மாதத்தில் காவிரியில் மூழ்கி எழும் புண்ணியம் பனிக்குளிரில் இத்தனை சிறு குழந்தைக்கு இயலாது. அம்மன் சந்நிதியில் கிடைத்த தீர்த்தத்தை அவன் தலையில் தெளித்து, அதையே துலா ஸ்நானமாக ஏற்றுக்கொள்ளும்படி என் மனைவி வேண்டிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது மேகம் விலகியிருந்தது. அன்று திரும்பும் வழியில் 'லேடிஸ் சீட்' எனப்படும் முனையில் நின்றோம். கீழே சேலம் நகரம் விரிந்து கிடந்தது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து மேட்டூர் அணை நீர்ப்பரப்பையும் காணலாம். எங்களுக்கு மேற்கே வெண்ணிறக் கீற்று ஒன்று மட்டும் தெரிந்தது. அது காவிரிதான் என்று மகன் சொன்னான். பனிதான் என்று நான் சொன்னேன். இருவரும் அந்தத் திசை நோக்கி வணங்கிவிட்டு வண்டியேறினோம்.

கார்த்திகையில்

நான்காம் முறை சென்றபோது கார்த்திகை பிறந்திருந்தது. ஐயப்ப பக்தர்களின் சரண கோஷம் வழியெங்கும் கேட்டது. பகோடா முனையில், கற்களைக் கூம்பாக அடுக்கிய நான்கு குவியல்களின் நடுவே அமைந்த இராமர் கோயிலில் வழிபட்டு, அங்கிருந்து பள்ளத்தாக்கில் உள்ள காக்கம்பாடி கிராமத்தைப் பார்த்தோம். நாகலூர் சாலையில் இராஜராஜேசுவரி அம்மனையும் தரிசித்தோம். அன்று இறங்கும் வழியில் இருபது வளைவுகளில் ஆறுக்குப் பேரன் தானே எண் சொன்னான். சில எண்கள் இடம் மாறின. வங்கியில் இவ்வாறு எண்ணியிருந்தால் அன்று மாலை கணக்கு நேராகியிராது. எங்கள் வண்டியில் அதைத் திருத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இதை அற்புதம் என்று எழுத நான் துணியவில்லை. மருத்துவரின் ஆலோசனை, வாரந்தோறும் நடைபெற்ற பேச்சுப் பயிற்சி, பெற்றோரின் பொறுமை ஆகிய மூன்றும் சேர்ந்து தந்த பலன் இது. அடுத்த முறை பார்த்த மருத்துவர், பதினெட்டுச் சொற்கள் வரை வந்திருப்பதாகக் குறித்துக்கொண்டு, பயிற்சியைத் தொடரச் சொன்னார். இன்னும் செல்ல வேண்டிய தூரம் உண்டு. அந்தப் பொறுமையை வாரா வாரம் எங்களுக்கு வழங்கியது சேர்வராயன் சந்நிதி என்பதில் எனக்கு ஐயமில்லை. வீட்டில் இருந்தால் ஆளுக்கொரு அறையில் இருந்திருப்போம். மலைப்பாதையில் ஐவரும் ஒரே வண்டியில், ஒரே எண்ணைச் சொல்லிக் கொண்டிருந்தோம். பேச்சு தாமதமாகும் குழந்தை உள்ள குடும்பத்தினர், வேண்டுதலோடு மருத்துவரையும் தாமதமின்றி நாட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தையோடு செல்வோர் கவனத்துக்கு

* புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக இட்லி போன்ற எளிய உணவு போதும். வயிறு நிறைய உண்டுவிட்டு வளைவுகளில் ஏறினால் குழந்தைக்குக் குமட்டல் நிச்சயம். நடுவில் இரண்டு இடங்களிலாவது வண்டியை நிறுத்திக் காற்றாட விடவும்.

* உயரம் ஏறும்போது காது அடைக்கும். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் சரியாகும்.

* ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து பாதிக்கப்பட்டது. கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவைக்கவும். குப்பனூர் வழியாக மற்றொரு மலைப்பாதையும் உண்டு.

* கம்பளிச் சட்டை, குல்லா, ஒன்றுக்கு இரண்டு மாற்றுடை அவசியம். வழியில் குரங்குகளுக்கு உணவு போட வேண்டாம். குழந்தையின் கையில் தின்பண்டம் இருந்தால் அவை பறிக்க வரும்.

* ஒரு நாளில் ஒரு கோயில், ஓர் இடம் என்று வைத்துக்கொள்வது நலம். மாலை பனி இறங்குமுன் மலையிறங்கிவிடவும்.

சேலம் வரை இரயிலிலும் பேருந்திலும் எளிதாக வரலாம். அங்கிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்துகள் உள்ளன. ஏரியிலிருந்து சேர்வராயன் கோயிலுக்கு வாடகை வண்டி கிடைக்கும். இவ்வாண்டு துலா மாதத்தில் காவிரிக் கரைக்குச் செல்ல இயலாத அன்பர்கள், குடும்பத்தோடு ஒருமுறை இந்தக் குகைச் சந்நிதிக்குச் சென்று வாருங்கள். சேர்வராயனும் காவிரி அம்மனும் உங்கள் இல்லத்துக் குழந்தைகளைக் காத்தருள்வார்களாக!